வெளிநாட்டுல நெல் வயல் மீனை ஜனங்க கிட்ட எப்படிக் கொண்டுபோனாங்க? பாகூர்ல ஒரு கூட்டம் வைக்கிறோம், யோசனை வேணும்

பாகூர்_நெல்லு | ஞாயிறு, காலை 7:40

எல்லாருக்கும் வணக்கம். பாகூர் ஏரிப் பாசனத்துல நாங்க அஞ்சாறு குடும்பம் சேர்ந்து சம்பா வைக்கிறோம். புதுச்சேரி டவுன்ல எங்க கிட்ட நேரா அரிசி வாங்குறவங்க கொஞ்சப் பேர் இருக்காங்க. ஆடி மாசம் அவங்களை ஊருக்குக் கூப்பிட்டு, நெல் வயல்ல மீன் வளர்க்கிறதைப் பத்திப் பேசலாம்னு இருக்கோம். வர்ற சம்பாவுல ரெண்டு வயல்ல நாங்களும் குஞ்சு விடப்போறோம்.

எப்படி வளர்க்கிறதுன்னு கேக்க வரல. அதைச் சொல்லித்தர ஆள் இருக்காங்க. வெளிநாட்டுல இதைச் செய்யிற ஊர்கள்ல, சாப்பிடறவங்க காதுக்கு இது எப்படிப் போச்சு, அவங்க ஏன் கூடக் காசு குடுத்து வாங்கினாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடறேன். சீனாவுல செஜியாங் மாகாணத்துல சிங்தியான்னு ஒரு மலைப்பகுதி. 1,200 வருஷத்துக்கு மேல நெல் வயல்லயே கெண்டை வளர்க்கிறாங்க. ஐ.நா.வோட உணவு வேளாண்மை அமைப்பு 2005ல அதை உலக அளவுல காப்பாத்த வேண்டிய வேளாண் மரபுன்னு சேர்த்துக்கிச்சு. அதே மாகாணத்து வயல்களைப் பாத்து 2011ல ஒரு ஆராய்ச்சி வந்துது. மீன் இருந்தாலும் இல்லாட்டியும் நெல் விளைச்சல் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா மீன் உள்ள வயலுக்குப் பூச்சிமருந்து 68 சதவீதம் குறைச்சல், ரசாயன உரம் 24 சதவீதம் குறைச்சல். மீன் தண்டுல இடிக்க இடிக்கப் புகையான் பூச்சி தண்ணில விழுது, அதை அதுவே தின்னுடுது.

இதை அட்டைல எழுதி மாட்டினா எத்தனை பேர் நின்னு படிப்பாங்க? அதான் உங்க கிட்ட கேக்குறேன்.

சும்மா_வந்தேன் | ஞாயிறு, காலை 8:02

"மதியம் மீன் குழம்பு உண்டு"ன்னு அட்டைல எழுதுங்க. புதுச்சேரியே வந்து நிக்கும்.

கொள்ளிடத்து_மடை | ஞாயிறு, காலை 9:15

தங்கச்சி, தப்பா நெனைக்காத. நான் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணத்துத் தண்ணில பொழைக்கிறவன். விழிப்புணர்வுன்னு போர்டு கட்டிக்கிட்டு வர்ற ஜீப்பு எல்லாம் வயக்காட்டுக்குத்தான் வருது. ஒரு ஜீப்பாவது சாப்பிடறவன் வீட்டு வாசல்ல நின்னு பாத்திருக்கியா?

வயல்ல மீன் இருந்தா நல்லதுன்னு எனக்கு எவனும் சொல்ல வேண்டாம். எங்க அப்பா காலத்துல குஞ்சு விடுற வேலையே கெடையாது. ஐப்பசில வாய்க்கா தண்ணியோட தானா ஏறி வரும். மடைல தூரி வச்சா கெண்டை, கெளுத்தி, குரவை. தண்ணி வத்துற நேரத்துல ஊத்தா போட்டா விரால். அப்புறம் குருணை மருந்து வந்துது, மீனும் போச்சு, நத்தையும் போச்சு.

இப்ப ஏன் விட மாட்டேங்குறேன்னு கேக்குறியா, சொல்றேன். நான் பண்றதுல பாதி குத்தகை நிலம். காலு அடி வரப்பு வெட்டினாலே நிலத்துக்காரரு போன் போடுவாரு, இதுல மீன் ஒதுங்கப் பள்ளம் தோண்டறேன்னு எந்த வாயால கேக்கறது? அடுத்தது அறுவடை மெஷினு. செயின் டைப் மெஷின் வயலுக்குள்ள திரும்பணும், நடுவுல பள்ளம் இருந்தா டிரைவரு எறங்கவே மாட்டான்.

எல்லாத்துக்கும் மேல கொள்முதல் நிலையம். என் நெல்லும் பக்கத்து வயக்காரன் நெல்லும் அங்க ஒரே குவியல். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கா, பதர் எவ்ளோ, அம்புட்டுதான். இந்த வயல்ல மருந்து அடிச்சானா, மீன் நீந்துச்சான்னு கேக்குறதுக்கு அங்க ஆளும் இல்ல, அதுக்கு விலையும் இல்ல. நீ சொல்ற சீனாக்காரன் 68 சதவீதம் மிச்சம் பண்ணட்டும். அது மூட்டைல எங்க தெரியுது?

நிகாட்டா_குமரன் | ஞாயிறு, காலை 10:31

அண்ணன் கேட்டதுக்கே பதில் சொல்றேன். நான் பண்ருட்டிக்காரன், வேலைக்காக ஜப்பான்ல நிகாட்டால இருக்கேன். இங்கருந்து கப்பல்ல போனா சாடோ தீவு. அங்க அது மூட்டைல தெரியுது.

டோக்கின்னு ஒரு பறவை, நம்ம அரிவாள் மூக்கன் வகை. சேத்து வயல்ல மூக்கை விட்டுக் குட்டி மீனு, தவளை, பூச்சி தேடித் தின்னும். மருந்தடிச்ச காலத்துல வயல்ல இரை இல்லாம போச்சு. 1981ல காட்டுல மிச்சம் இருந்த அஞ்சையும் புடிச்சுக் கூண்டுல வச்சாங்க, இனத்தைக் காப்பாத்தலாம்னு. நடக்கல. ஜப்பான்ல பொறந்த கடைசிப் பறவை 2003ல செத்துது. ஆனா அதுக்கு முன்னாடியே, 1999ல, சீனா ஒரு ஜோடியை அன்பளிப்பா குடுத்திருந்தாங்க. அதுலேருந்து பெருக்கி 2008 செப்டம்பர்ல பத்துப் பறவையை வெளிய விட்டாங்க. இன்னிக்கு அந்தத் தீவுல காட்டுல 500க்கு மேல இருக்கு.

பறவையை விட்டாச்சு, அது எதைத் தின்னும்? அங்கதான் வயலு வருது. ரசாயன உரமும் மருந்தும் வழக்கத்துல பாதிக்கு மேல போடக்கூடாது. வயல் ஓரத்துல ஒரு ஓடை வெட்டி வைக்கணும், தண்ணி வடிக்கிறப்ப மீனும் பூச்சியும் அதுல ஒதுங்கும். குளிர்காலத்துல சும்மா கெடக்குற வயல்ல தண்ணி நிறுத்தணும். வாய்க்கால்லேருந்து மீன் வயலுக்கு ஏறி வர சின்னப் படி மாதிரி கட்டணும். ஓடை, குளிர்காலத் தண்ணி, படி, இதுல ஏதாவது ஒண்ணு செஞ்சிருக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை அவங்களே வயல்ல எறங்கி என்னென்ன உசுரு இருக்குன்னு எண்ணி எழுதணும். அப்பதான் நகராட்சி சான்று, பை மேல பறவை முத்திரை. 2011ல சாடோவும் உணவு வேளாண்மை அமைப்போட அதே பட்டியல்ல சேந்துது.

இதுல எனக்குப் புடிச்சது அந்த எண்ணுற வேலைதான். விவசாயி பின்னாடியே பேரப்புள்ளைங்க வலையும் தட்டும் எடுத்துக்கிட்டு எறங்கிடுதுங்க. பெரியவங்களுக்கு மொதல்ல அந்தப் பறவையைக் கண்டாலே ஆகாது, நாத்தை மிதிக்கும்னு.

கொள்ளிடத்து_மடை | ஞாயிறு, காலை 10:50

அப்போ அவங்க வித்தது மீனை இல்ல தம்பி. பறவையை.

நிகாட்டா_குமரன் | ஞாயிறு, காலை 10:58

ஆமாண்ணே. அந்த மீனை மனுசன் திங்கவே இல்ல.

ஓய்வு_வேளாண் | ஞாயிறு, பகல் 12:20

சிதம்பரத்தில் வசிக்கிறேன். வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி கூறியதோடு டொயோஓகா என்ற ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே செங்கால் நாரை இனம். 2005இல் பறக்கவிட்டார்கள். அங்குள்ள வயல்முறையில் ஒரு நுட்பம் உண்டு. பயிர் தூர் கட்டிய பிறகு வயலைக் காயவிடும் வழக்கம் ஜப்பானில் பொது. டொயோஓகா விவசாயிகள், தலைப்பிரட்டைகள் தவளையாகிக் கரையேறும்வரை அந்தக் காய்ச்சலைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த அரிசியை உள்ளூர்ப் பள்ளிகளின் மதிய உணவில் போடுகிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொன்னதை விடவா ஒரு விளம்பரம் வேண்டும்? நம் சத்துணவு, புதுச்சேரி மதிய உணவு இரண்டிலும் அரிசி எங்கிருந்து வருகிறது என்று எந்தப் பிள்ளைக்காவது தெரியுமா?

இன்னொரு நாட்டையும் சொல்ல வேண்டும். இந்தோனேசியா. மேற்கு ஜாவாவில் நெல்லோடு மீன் வளர்ப்பது பழைய வழக்கம். பசுமைப் புரட்சியில் விமானத்தில் கூட மருந்து தெளித்தார்கள். புகையான் குறையவில்லை, பெருகியது. காரணம், புகையானைத் தின்னும் சிலந்திகளும் பூச்சிகளும் முதலில் செத்தன. 1986இல் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்றின் மூலம் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்தார்கள். 1989 முதல் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தினார்கள். கரும்பலகை கிடையாது. விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, பூச்சிகளைப் பார்த்து, எது நண்பன் எது பகைவன் என்று தாங்களே படம் வரைந்து விவாதிப்பார்கள். நம் நாட்டுக்கும் அந்த முறை பிறகு வந்தது. நானே நடத்தியிருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் கூட்டம் பாதியாகிவிடும், அது வேறு கதை.

கொள்ளிடக்கரை நண்பர் குறிப்பிட்ட ஜீப் குறித்து: அந்த ஜீப்பில் நானும் உட்கார்ந்து வந்தவன்தான். அவர் கேள்வி நியாயமானது.

துறைமுகம்_கயல் | ஞாயிறு, மாலை 4:05

கடலூர் ஓ.டி.யிலேருந்து எழுதறேன். எங்க அம்மா கூடை மீன் வித்தவங்க, நான் புதுச்சேரில கடை வச்சிருக்கேன். நீங்க எல்லாம் நெல்லு பக்கமா பேசுறீங்க, நான் மீன் பக்கமா ஒண்ணு சொல்றேன் அக்கா.

நம்ம கடற்கரைல ஏரி மீனுக்கு மரியாதை கெடையாது. வஞ்சிரம், சங்கரா, கொடுவா கேக்குறவங்க கட்லா, ரோகுன்னா மொகத்தைத் திருப்பிக்குவாங்க. "சேத்து வாடை அடிக்கும்"பாங்க. விரால் மட்டும் தப்பிச்சுது, அதுவும் உசுரோட துள்ளினாத்தான் வெல. சிலேபின்னு சொன்னா போதும், அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்பு ஜனங்க அப்படி இல்ல, அவங்களுக்கு ஆத்து மீன், ஏரி மீன்தான் ருசி. அதனால புதுச்சேரி ஆளுங்களைக் கூப்பிட்டு "வயல் மீன்"னு சொன்னா, மொதக் கேள்வி "வாடை வருமா", ரெண்டாவது கேள்வி "மருந்து கலந்திருக்குமா". இந்த ரெண்டுக்கும் உங்க கிட்ட பதில் இருக்கணும்.

வாடைக்குப் பதில் இருக்கு. வயல்லேருந்து எடுத்த உடனே விக்காதீங்க. நல்ல தண்ணி ஓடுற தொட்டில ரெண்டு மூணு நாளு தீனி போடாம விடுங்க. வயித்துல உள்ளது எல்லாம் கழிஞ்சிடும், வாடையும் கொறஞ்சிடும். பண்ணை மீன் நல்லா விக்கிறவங்க அப்படித்தான் செய்யிறாங்க.

பாகூர்_நெல்லு | ஞாயிறு, இரவு 8:12

கயல், தொட்டி விஷயம் எங்க யாருக்கும் தோணல. ரொம்ப நன்றி.

நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா எங்களுக்கு இன்னொரு தலைவலி. நேரா அரிசி வாங்குறவங்கள்ல பாதிப் பேர் சைவம். இயற்கை அரிசின்னு தேடி வர்றவங்க பலரும் அப்படித்தானே. "மீன் வளர்த்த வயல்ல விளைஞ்ச அரிசி"ன்னு பைல போட்டா, ஒரு அம்மா போன்லயே "அந்த அரிசில மீன் வாசனை வராதா?"ன்னு கேட்டுட்டாங்க. வராதுன்னு சொன்னேன். அவங்க நம்பின மாதிரி தெரியல.

சும்மா_வந்தேன் | ஞாயிறு, இரவு 8:20

அதே அம்மா சாணி போட்ட வயல் அரிசின்னா ரெண்டு கிலோ கூட வாங்குவாங்க.

பாரிஸ்_வில்லியனூர் | ஞாயிறு, இரவு 11:47

நான் வில்லியனூர், ரொம்ப வருஷமா பிரான்ஸ்ல. சிங்தியான்காரங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அந்த ஊர்லேருந்து ஏகப்பட்ட பேர் ஐரோப்பாவுக்கு வந்துட்டாங்க. ஸ்பெயின், இத்தாலி ரெண்டுலயும் கடையும் ஓட்டலுமா இருக்காங்க. மீன் வயலுக்குப் பேர் வாங்கின லொங்சியான் கிராமத்துலயே பாதிக்கு மேல வெளிநாட்டுலதான். ஊர்ல வேலை செய்ய ஆள் கொறைஞ்சுது. ஆனா ஊர்ப் பேரைத் தூக்கி நிறுத்தினதுல இவங்க பங்கு உண்டு. லீவுக்குப் போனா வயல் கெண்டையைச் சாப்பிடாம திரும்ப மாட்டாங்க. காய வச்ச மீனைப் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வருவாங்க, நாம கருவாடு எடுத்துட்டு வர்ற மாதிரியே. அந்தச் செங்கெண்டைக்குச் செதில் மெல்லிசு, செதிலோடயே சமைக்கிறாங்க.

கல்யாணத்துல பொண்ணுக்குச் சீரா மீன் குஞ்சு குடுத்து அனுப்புற வழக்கமும் அங்க உண்டு. பொண்ணு போற ஊருக்கு அவ ஊர் மீனும் போகும்.

நம்ம ஊர்லயும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரங்க வீடு பாகூர்ல, திருபுவனைல எத்தனை பூட்டிக் கெடக்கு. அவங்க டிசம்பர், ஜனவரில வருவாங்க. உங்க கூட்டத்தை ஆடில வைக்கிறதுக்குப் பதிலா அப்ப வச்சா என்ன?

பாகூர்_நெல்லு | திங்கள், காலை 6:55

ரெண்டும் வைக்கணும்னு தோணுது. ஆடில பேச்சு, அறுவடைல வயல்.

டேவிஸ்_மணி | திங்கள், காலை 9:40

கலிபோர்னியால டேவிஸ்ல படிக்கிறேன், சொந்த ஊர் நெல்லிக்குப்பம். இங்க சேக்ரமென்டோ பள்ளத்தாக்கு முழுக்க நெல்லு. 1991ல வைக்கோல் தாளை எரிக்கிறதைப் படிப்படியா கொறைக்கச் சட்டம் வந்துது. எரிக்க முடியாதுன்னதும், குளிர்காலத்துல வயல்ல தண்ணி நிறுத்தித் தாளை மக்க விட்டாங்க. தண்ணி நின்னதும் வாத்தும் வலசைப் பறவையும் வந்துது. அப்புறம் சாலமன் மீன் ஆராய்ச்சிக்காரங்க, இந்தத் தண்ணில சாலமன் குஞ்சை விட்டா என்னன்னு பாத்தாங்க. யோலோ பைபாஸ்னு ஒரு வெள்ள வடிகால் நிலம், நம்ம கொள்ளிடம் மாதிரி உபரித் தண்ணியை வாங்கிக்கும். அதுல உள்ள நெல் வயல்ல விட்ட குஞ்சுங்க, ஆத்துல வளர்ற குஞ்சை விட வேகமாப் பெருத்துது. தாள் மக்குற தண்ணில பெருகுற குட்டிக் குட்டி நீர்ப்பூச்சிங்கதான் தீனி. பிப்ரவரி, மார்ச்சுல தண்ணியோட ஆத்துக்கு விட்டுட்டா கடலுக்குப் போயிடும்.

இங்க இதைத் தூக்கிப் பிடிச்சவங்க யாருன்னு பாருங்க. நெல் விவசாயி, வாத்து வேட்டைக்காரர், தூண்டில் மீன்பிடிக்கிறவர், சூழல் அமைப்பு. மத்த நாள்ல தண்ணிக்காக ஒருத்தரை ஒருத்தர் கோர்ட்டுக்கு இழுக்குறவங்க. கையளவு நீளத்துக்குப் பெருத்த குஞ்சையும், ஆத்துல வளந்த சின்னக் குஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எடுத்த படம்தான் எல்லா இடத்துலயும் ஓடுச்சு. அக்கா, நீங்களும் மீன் விட்ட வயல் தண்ணியும் விடாத வயல் தண்ணியும் ரெண்டு கண்ணாடிப் பாத்திரத்துல எடுத்து மேசைல வைங்க. எது நெளியுதுன்னு அவங்களே பாப்பாங்க.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நெல் வயல்னு சொன்னா இப்ப படிச்சவங்க எல்லாம், தண்ணி நிக்கிற வயல்லேருந்து வந்து பூமியைச் சூடாக்குற மீத்தேன் வாயுன்னு ஆரம்பிப்பாங்க. அதைக் கொறைக்கத்தான் வயலை நடுநடுவே காய விட்டுப் பாய்ச்சச் சொல்றாங்க, தண்ணியும் மிச்சம். மீன் வயல்ல காய விட முடியாது. மீன் இருந்தா மீத்தேன் கூடுதா கொறையுதான்னு ஆராய்ச்சிங்க ரெண்டு பக்கமும் இழுக்குது. யாராவது கேட்டா மழுப்பாம இதையே சொல்லிடுங்க. "பருவநிலையைக் காக்கும் அரிசி"ன்னு மட்டும் பைல போட்டுடாதீங்க.

ஓய்வு_வேளாண் | திங்கள், காலை 11:05

இது முக்கியமான விஷயம். கடைமடையில் ஐப்பசி, கார்த்திகையில் காயவிட நினைத்தாலும் வானம் விடாது. வடிகால் இல்லாமல் தண்ணீர் தானாக நிற்கும் வயல்களுக்கே மீன் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்றில் இறைத்து மீனுக்குத் தண்ணீர் நிறுத்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். பாகூர் பகுதியில் நிலத்தடி நீர் இருக்கும் நிலை உங்களுக்கே தெரியும்.

கிள்ளை_கண்ணன் | திங்கள், பகல் 1:30

நெல்லு, மீனுன்னு இனிக்க இனிக்கப் பேசுறீங்க. எங்க பக்கம் இந்தப் பேச்சை எடுத்தா அடிக்க வருவாங்க. ஏன்னு சொல்றேன்.

தொண்ணூறுகள்ல வெள்ளாத்துக் கழிமுகம், கொள்ளிடக் கரை எல்லாம் இறால் பண்ணை வந்துது. உப்புத் தண்ணியை உள்ள இழுத்தாங்க. பக்கத்து வயலு உப்பாச்சு, குடிதண்ணிக் கிணறு உப்பாச்சு. காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1996 டிசம்பர்ல தீர்ப்பு வாங்கினாரு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துல உள்ள பண்ணையை எடுக்கச் சொல்லி. அப்புறம் 2005ல தனிச் சட்டம் போட்டுப் பண்ணைங்களுக்கு மறுபடி வழி விட்டாங்க. அதனால "வயல்ல இறால்"னு எவனாவது சொன்னா எங்க ஊருக்கு அந்த உப்புதான் ஞாபகம் வரும்.

ஆனா வியட்நாம் மீகாங் டெல்டால கதை வேற. கா மாவ், பாக் லியூ பக்கம் கோடைல கடல் தண்ணி தானா உள்ள ஏறுது, அப்ப இறால். மழை வந்து உப்பைக் கழுவினதும் அதே வயல்ல நெல்லு. அந்தப் பக்கத்துல உருவான எஸ்டி25ங்குற ரகம் 2019ல மணிலால உலகத்துலயே நல்ல அரிசின்னு பரிசு வாங்குச்சு. ஹோ குவாங் குவாங்குற வேளாண் பொறியாளர் குழுவோட உழைப்பு. அந்தப் பரிசுக்கு அப்புறம் "இறால் வயல் அரிசி"ன்னு பைல போட்டே விக்கிறாங்க. ருசிக்குத்தான் மொதல்ல பேரு வந்துது. இறாலும் சுற்றுச்சூழலும் அதுக்குப் பின்னாடி ஏறி உக்காந்துக்கிச்சு.

கேரளத்துப் பொக்காளி நெல் வயலும் இதே மாதிரிதான், மழைல நெல்லு, அப்புறம் இறால். "ஒரு நெல்லும் ஒரு மீனும்"னு கோஷமே உண்டு. ஆனா அங்க என்ன ஆச்சு? இறால்ல காசு கொட்டுதுன்னு நெல்லைக் கைவிட்டு வருஷம் முழுக்க உப்புத் தண்ணி நிறுத்த ஆரம்பிச்சாங்க நிலத்துக்காரங்க. நெல்லு வேணும்னு விவசாயிங்க போராடுற நெலமை. நீங்க கூட்டத்துல நல்லது மட்டும் பேசினா, என்னை மாதிரி ஒருத்தன் எழுந்து இதைக் கேப்பான்.

பாகூர்_நெல்லு | திங்கள், மாலை 6:18

கண்ணன், நீங்களே வந்து எழுந்து கேளுங்க. பஸ் செலவு எங்களுது. எங்க வயல்ல நல்ல தண்ணி மீன்தான், உப்புக்கு எடமே இல்ல. ஆனா கூட்டத்துல அந்த வித்தியாசத்தைச் சொல்லணும்னு நீங்க எழுதின பிறகுதான் பட்டுது.

கொள்ளிடத்து_மடை | திங்கள், இரவு 7:44

எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். ஒண்ணு மட்டும் எல்லா ஊர்லயும் ஒத்துப் போகுது. ஜப்பான்காரன் அந்த நெல்லைத் தனியாக் கட்டினான். வியட்நாம்காரன் தனிப் பைல போட்டான். கலந்து கொட்டின ஊர்ல எவனுக்கும் எதுவும் தெரியல, தெரியவும் போறதில்ல. அதனால தங்கச்சி, உன் கூட்டத்துக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு. மீன் வயல் நெல்லைத் தனியாக் காய வச்சு, தனியா அரைக்க மில்லுல பேசி வை. பெரிய மில்லு ஒத்துக்க மாட்டான், சின்ன மெஷினாப் பாரு. அது முடியலன்னா கூட்டமே வேண்டாம், சும்மா வாய்ப்பந்தல்.

ரகம் என்ன போடறே?

பாகூர்_நெல்லு | திங்கள், இரவு 8:01

வெள்ளைப் பொன்னின்னு நெனைச்சிருந்தோம் அண்ணே. டவுன்ல சன்ன அரிசிதான் கேக்குறாங்க.

கொள்ளிடத்து_மடை | திங்கள், இரவு 8:15

பொன்னி சாயும். மீனுக்காகத் தண்ணி ஏத்தி வைப்பே, கார்த்திகைக் காத்துல படுத்துக்கும். சி.ஆர். 1009 சப்-1 போடு. அஞ்சு மாசத்துக்கு மேல வயசு, மீனுக்கும் வளர நாளு கெடைக்கும். தண்ணில ரெண்டு வாரம் முழுகினாலும் தாங்கும். மோட்டா ரகம்தான், ஆனா இட்லிக்கு அதை விட்டா வேற அரிசி இல்ல. டவுன் ஆளுங்க கிட்ட இட்லி அரிசின்னு வித்துக்கோ. இட்லி சைவந்தானே.

சும்மா_வந்தேன் | திங்கள், இரவு 8:17

மீன் வாசனை பிரச்சினை அங்கயே தீந்துது. அண்ணனை விளம்பரக் கம்பெனில சேத்துக்கலாம்.

ஓய்வு_வேளாண் | திங்கள், இரவு 9:02

ரகத் தேர்வு சரியானது. கூட்டத்தில் யாராவது அளவு கேட்டால் சொல்ல: நிலத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுங்கு பள்ளத்துக்கு விட்டால் போதும். முக்கால் மீட்டரில் இருந்து ஒரு மீட்டர் ஆழம். நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாளில், வேர் பிடித்த பிறகு குஞ்சு விடுங்கள். அதற்கு முன் விட்டால் கெண்டை நாற்றைப் பிடுங்கிவிடும். பூச்சி கண்டால் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளைத் தொடவே கூடாது, மீனுக்கு அது கொடிய விஷம். பக்கத்து வயல் வடிகால் உங்கள் வயலுக்குள் வராமலும் பார்க்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தில் நெல், மீன், கோழி மூன்றையும் இணைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். வயலுக்கு மேல் கோழிக்கூண்டு, எச்சம் கீழே விழுந்து மீனுக்கும் பயிருக்கும் ஆகும். வெளிநாடு வெளிநாடு என்று பேசும்போது, சிதம்பரத்திலேயே இது நடந்தது என்று ஒரு வரி சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் ஆச்சரியப்படுவார்கள்.

துறைமுகம்_கயல் | செவ்வாய், காலை 6:30

ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு வெல கம்மின்னு யாராவது கொண்டு வந்தா வாங்கிடாதீங்க அக்கா. அது தடை பண்ண மீன். வெள்ளத்துல தப்பிச்சா ஏரில உள்ள நாட்டு மீனை எல்லாம் தின்னுடும்.

கொள்ளிடத்து_மடை | செவ்வாய், காலை 7:10

வெள்ளம்னதும் ஞாபகம் வருது. 2024ல பெஞ்சல் புயல் அப்ப சாத்தனூர் அணையைத் தொறந்து விட்டு பெண்ணையாத்துத் தண்ணி உங்க பக்கம் என்ன பண்ணுச்சுன்னு மறந்துடாத. வரப்பு மேல தண்ணி போனா உன் மீனு எல்லாம் ஊரான் மீனு. மேட்டு வயலாப் பாத்து விடு, வரப்பு மேல இடுப்பு உசரத்துக்கு நைலான் வலை கட்டு. கொக்குக்கும் அது ஆகும், பாம்பும் கொறையும். ராத்திரில ஊத்தா தூக்கிட்டு வர்ற ரெண்டுகால் கொக்குக்கு நீதான் காவல் இருக்கணும்.

பாகூர்_நெல்லு | செவ்வாய், காலை 8:25

அண்ணே, நேத்து மில்லு பேசியாச்சு. ஊர்லயே ஒரு சின்ன மெஷின் இருக்கு, தனியா அரைச்சுத் தரேன்னுட்டாரு. பைல என்ன போடறதுன்னு இன்னும் எங்களுக்குள்ள சண்டை. "மீன் வயல் இட்லி அரிசி"ன்னே போடுவோம்ங்கறது என் கட்சி. சைவக்காரங்க கேட்டா நேர்ல வந்து பாருங்கன்னு சொல்லிக்கலாம், ஒளிச்சு வைக்கிறதுல எனக்கு இஷ்டம் இல்ல.

ஆடிக் கூட்டத்துக்கு அட்டை கிட்டை கெடையாது. மணி சொன்ன மாதிரி ரெண்டு கண்ணாடிப் பாத்திரம், வர்ற புள்ளைங்களுக்கு வலை, தட்டு, பூதக்கண்ணாடி. குமரன், அங்க உசுரு எண்ணி எழுதுற தாள் எப்படி இருக்கும்னு முடிஞ்சா படம் எடுத்துப் போடுங்க, தமிழ்ல பண்ணிக்கிறோம். அண்ணே, நீங்க கூட்டத்துக்கு வரணும். குத்தகை, மெஷின், கொள்முதல் நிலையம்னு மொத நாள் எழுதினீங்களே, அதை டவுன் ஆளுங்க முன்னாடி அப்படியே சொல்லுங்க. அரிசி வாங்குறவங்க அதைக் கேட்டதே இல்ல.

கொள்ளிடத்து_மடை | செவ்வாய், காலை 9:00

வர்றேன். மைக் குடுத்தா நிறுத்த மாட்டேன், பாத்துக்க.

பள்ளத்தை நடுவுல எடுக்காத. மெஷின் எறங்குற பக்கம் விட்டுட்டு, எதிர் வரப்பு ஓரமா ஒரே பக்கம் நீளமா எடு. அறுப்புக்கு முன்னாடி தண்ணியை மெதுவா வடிச்சா மீனு தானா பள்ளத்துல எறங்கிடும். தை பொறந்துதான் புடிக்கணும். மார்கழில மாலை போட்டவன் எவன் மீன் வாங்குவான்?

துறைமுகம்_கயல் | செவ்வாய், காலை 9:22

தை ரெண்டாவது வாரத்துக்கு மேல எப்ப வேணும்னாலும் எடுத்துட்டு வாங்க. என் கடைல தொட்டி இருக்கு, உசுரோட வச்சு விக்கலாம். கட்லா முக்கால் கிலோவுக்குக் கீழ இருந்தா மட்டும் இங்க வெல போகாது, அதைப் பாகூர் சந்தைலயே கழிச்சுடுங்க.